உண்ணிக்குச் சொட்டு மருந்தா, மாத்திரையா?

கோபிப் பக்கம் எங்கள் தோட்டத்து நாய் வாய்க்காலைக் கண்டால் குதித்துவிடும். பிடரியில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து விலை குறைவுதான். ஆனால் மாதாமாதம் விட வேண்டும். முன்னும் பின்னும் 2 நாள் குளிப்பாட்டக் கூடாது. வாய்க்கால் நாய்க்கு இது ஆகிற காரியமா?

ஃப்ளூராலேனர் மாத்திரைக்குக் காசு அதிகம். ஒன்று கொடுத்தால் சுமார் 12 வாரம் தாங்கும், நனைந்தாலும் கவலையில்லை. ஒரு குறை, உண்ணி கடித்தால்தான் சாகும். வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

நாங்கள் மாத்திரைக்கு மாறிவிட்டோம். காது மடிப்பில் சின்ன ஆமணக்கு முத்தாட்டம் ஒட்டியிருந்தவை மறுநாளே காய்ந்து உதிர்ந்தன. எர்லிக்கியா காய்ச்சலைப் பரப்பும் இந்தப் பழுப்பு உண்ணி சுவர் வெடிப்பிலும் முட்டையிடும். அப்புறம் என்ன, திண்ணையைப் பூச ஆள் சொல்லியிருக்கிறேன்.