கார்த் தகட்டு ஓட்டையை அடைக்கச் செம்புக் கரண்டி வாங்கலாமா?

ஓட்டையை வெல்ட் அடித்து அடைக்கும்போது தகட்டுக்குப் பின்னால் பிடிக்க, ஷாப்பி இணையக் கடையில் காந்தத்தோடு விற்கிறார்களே செம்புக் கரண்டி, அது வாங்கத் தகுந்ததா என்று பட்டர்வொர்த், பிறை பக்கம் பழைய புரோட்டோன் சாகா, இஸ்வரா வைத்திருக்கும் தம்பிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாங்கலாம். ஆனால் முதலில் வாங்க வேண்டியது அது இல்லை.

பழைய காரின் பாடித் தகடு 0.7, 0.8 மில்லிமீட்டர்தான் இருக்கும், துருவைத் தேய்த்தெடுத்த பிறகு அதுகூட மிஞ்சாது, அதிலும் பினாங்கின் கடற்காற்றில் வளர்ந்த கார் என்றால் கேட்கவே வேண்டாம். மோல்டிங் (அலங்காரப் பட்டை) கிளிப் ஓட்டை, ஏரியல் ஓட்டை, பூட் தரையில் துரு தின்ற ஓட்டை, எதுவானாலும் மிக் (MIG) வெல்டிங் டார்ச்சை விளிம்பில் வைத்தவுடன் விளிம்பு உருகிப் பின்வாங்கும், ஓட்டை பெரிதாகும். பின்னால் ஒரு உலோகத்தை ஒட்டிப் பிடித்தால் உருகிய இரும்பு கீழே ஊற்றாமல் தாங்கும், சூட்டையும் இழுத்துக்கொள்ளும். செம்பு 1,085 டிகிரியில் உருகிவிடும், இரும்புக்கு ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். அப்படியிருந்தும் செம்பு உருகாமல், ஒட்டாமல் நிற்கிறதென்றால் அது இரும்பைவிட ஏழெட்டு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவதால்தான். ஆனால் கடத்திக்கொண்டு போக இடம் வேண்டுமே! செம்பா என்று பார்த்த பிறகு தடிமன் எவ்வளவு என்று பாருங்கள், அதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி.

சரி, கரண்டிக்கு வருவோம். என்னிடம் இருப்பதில் செம்புப் பட்டை சுமார் 3 மில்லிமீட்டர், வளைகிற கைப்பிடி, இரண்டு பக்கமும் காந்தம். ஃபெண்டருக்கு (சக்கரத்துக்கு மேலே வரும் தகடு) உள்ளே கை நுழையாத இடத்தில் விட்டுவிட்டு ஒற்றை ஆளாக வெளியிலிருந்து வெல்ட் அடிக்கலாம், இந்த வசதிக்குப் பணம் தரலாம். குறை என்னவென்றால் காந்தம் ஓட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மாடல்களில் ஆர்க், அதாவது வெல்டிங் நெருப்பு, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், வெல்ட் பொட்டு நினைத்த இடத்தில் விழாது. அந்த மாதிரிச் சாதாரண நியோடைமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் சூடானால் பிடிமானத்தையும் இழக்கத் தொடங்கும். ஆகவே காந்தம் பட்டையிலிருந்து நன்றாகத் தள்ளியிருக்கிற மாடலாகப் பார்த்து எடுங்கள். இன்னொன்று, பட்டை சின்னது, வரிசையாக நாலைந்து பொட்டு வைத்தால் சூடு ஏறிவிடும், ஆறவிட்டுத்தான் அடுத்தது.

ஏர்கோன் வேலை செய்பவர்களிடம் கிடைக்கும் துண்டுச் செம்புக் குழாயைத் தட்டிச் சப்பையாக்கி வைத்துக்கொள்வது பழைய வழி, இன்றும் நல்ல வழி. சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் செம்பு மெத்தென்று ஆகும், அப்புறம் ஃபெண்டர் வளைவுக்கு ஏற்றபடி கையாலேயே வளைக்கலாம். சுவர் மெலிது என்பதால் கிளிப் ஓட்டை அளவுக்குத்தான் சரிவரும். தட்டும்போது உள்ளே காற்று இடைவெளி இல்லாமல் நன்றாக அமுக்கிவிட வேண்டும்.

என்னைக் கேட்டால் முதலிடம் பஸ்பாருக்குத்தான். மின்சார சுவிட்ச்போர்டுகளைப் பிரிக்கும்போது வருகிற செம்புப் பட்டை, 5, 6 மில்லிமீட்டர் தடிமன், பழைய இரும்புக் கடையில் எடை போட்டுத் தருவார்கள், பினாங்கு லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் காலையிலேயே போனால் சில சமயம் கண்ணில் படும். கையில் எடுத்தாலே கனம் தெரியும். தட்டையான இடத்துக்கு இதைவிட வேறெதுவும் வேண்டாம், பின்பக்கம் மழமழவென்று வரும், கிரைண்டர் வேலை பாதி குறையும். வெள்ளி நிறத்தில் இருந்தால் மேலே ஈயம் மாதிரித் தெரிவது வெள்ளீயப் பூச்சு. 232 டிகிரியிலேயே உருகி வெல்டில் கலந்துவிடும், அரத்தால் சுரண்டிச் சிவப்பு தெரிந்த பிறகு பயன்படுத்துங்கள்.

செம்பு நிறத்தில் இருப்பதெல்லாம் செம்பு இல்லை. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடமிருந்து வந்த தட்டில் காந்தம் பச்சக்கென்று ஒட்டியது, நம்ம ஊர் பழைய 1 காசு நாணயம் போல மேலே செம்பு, உள்ளே இரும்பு. அதை வைத்து வெல்ட் அடித்தால் தட்டும் காரும் ஒன்றாகிவிடும். பொருள் வந்ததும் காந்தம் வைத்துப் பாருங்கள், ஓரத்தை அரத்தால் தேய்த்தும் பாருங்கள்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும், கட்டையாக இருந்தால் சூட்டை வாங்கும், ஆர்க் நேராகப் பட்டால் குழைந்து வெல்டைக் கெடுக்கும். பித்தளை வேண்டவே வேண்டாம், அதிலுள்ள துத்தநாகம் வெள்ளைப் புகையாக வரும், சுவாசித்தால் ராத்திரி குளிர் காய்ச்சல் அடிக்கும். ஒட்டுப்போட நாகத்தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) வெட்டினாலும் இதே கதை, பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டு வையுங்கள்.

எந்தத் தட்டானாலும் தகட்டோடு ஒட்டிப் படிய வேண்டும், நூலளவு இடைவெளி இருந்தாலும் பின்னால் குமிழ் குமிழாக வழியும். 0.6 மில்லிமீட்டர் வெல்டிங் வயர், ஆர்கான் கலந்த கேஸ். கேஸ் இல்லாத வயர் இந்த மெல்லிய தகட்டுக்குச் சூடு அதிகம். ஆர்க்கை விளிம்பில் தொடங்கி அரை நொடிப் பொட்டாகச் சுற்றிச் சுற்றி உள்ளே வாருங்கள், நடுவில் தெரிகிற செம்பை நோக்கி நேராக அடிக்காதீர்கள். செம்பு உருகி இரும்பில் இறங்கினால் அந்த இடம் விரிசல் விடும், பொட்டில் செந்நிறம் தெரிந்தால் தேய்த்தெடுத்துவிட்டு மறுபடி அடியுங்கள். சுண்டுவிரல் நுழைகிற ஓட்டையை வயராலேயே நிரப்ப முயல வேண்டாம், அதே தடிமனில் தகடு வெட்டிப் பொருத்துங்கள். தொடங்கும் முன் பூட் கம்பளத்தை எடுத்துவிடுங்கள், பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள், மறுபக்கத்தில் அண்டர்கோட் (காரின் அடியில் பூசிய துருத்தடுப்புப் பூச்சு) தீப்பிடிக்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

கதவுக்குக் கீழே ஓடும் சில் மாதிரி மூடிய பகுதியில் செம்பை வைத்துவிட்டுத் திரும்ப எடுக்க முடியாது. அங்கே மட்டும் இரும்புத் தகடையே உள்ளே வைத்து அதோடு சேர்த்து வெல்ட் அடிக்க வேண்டியதுதான். இரண்டு தகடுக்கும் இடையில் தண்ணீர் நின்று துரு மறுபடி வரும் என்பதால் வெளியே சீலரும் உள்ளே மெழுகும் அடிக்காமல் பெயின்ட் கடைக்கு அனுப்பாதீர்கள்.