தேரிக்காட்டு விடிலியும் அங்கே வாங்கும் கருப்பட்டியும்

பங்குனி பிறந்து ஆடி முடிகிறவரை, திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளை, இட்டமொழி வட்டாரத்தில், தேரி என்கிற செம்மணல் மேட்டில் பனைகளுக்கு நடுவே புகை எழுந்தால் அங்கே ஒரு விடிலி இருக்கிறது. பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிற ஓலைக்குடிசை அது. அவ்வளவு தூரம் போய் வாங்க வேண்டுமா என்று கேட்டால், கட்டாயம் போகலாம். நேரம் மட்டும் தவறக்கூடாது.

காலை ஏழு மணிக்குள் போனால் மரத்திலிருந்து அப்போதுதான் இறக்கிய பதனீரைப் பனை ஓலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். பத்து மணிக்கு அது அண்டாவில் கொதித்துக்கொண்டிருக்கும். பாகு சிரட்டையில் இறங்க உச்சி வெயில் ஆகிவிடும். சாயங்காலம் போனால் அணைந்த அடுப்புதான். காரைத் தார்ச்சாலையிலேயே விட்டுவிடுங்கள். தேரி மணலில் சக்கரம் ஒரு தடவை புதைந்தால், முறுக்க முறுக்க இன்னும் ஆழமாய்ப் போகும். நடக்கும்போது கனமான செருப்பு வேண்டும். மணலுக்குள் கிடக்கும் பனைமட்டையின் கருக்கு, ரம்பம் போல் பாதத்தைக் கிழித்துவிடும்.

விடிலியில் முக்கால்வாசி பனைதான். பனங்கை, ஓலைக்கூரை, மட்டை அடைப்பு, எரிக்கவும் அதே காய்ந்த மட்டையும் ஓலையும். முன்பெல்லாம் பருவம் தொடங்கியதும் சட்டிபானையோடு குடும்பமே இங்கே குடிவந்துவிடும். ஆண்கள் காலையும் மாலையும் முப்பது, நாற்பது மரம் ஏறி இறங்குவார்கள். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, மரத்தில் சாய்க்க முருக்குத்தடி. அலகுப்பனை என்கிற ஆண்பனை, பருவப்பனை என்கிற பெண்பனை இரண்டின் பாளையையும் கடிப்பு என்கிற மர இடுக்கியால் பதமாய் நசுக்கி, நுனியை மெல்லிசாய்ச் சீவிவிட வேண்டும். சீவல் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். ஒரு நாள் சீவாமல் விட்டால் வடிகிற கண் அடைபடும். அதனால் பனையேறிக்குப் பருவம் முடிகிறவரை லீவு கிடையாது. பெண்களுக்கு நாள் முழுக்க அடுப்படிதான். இன்று குடியிருக்கிற விடிலிகள் மிகக் குறைவு. பெரும்பாலோர் ஊரிலிருந்து வந்து போகிறார்கள். ஏறுகிற கைகள் குறைந்து, சீவாத பனைகள் வரிசையாய் நிற்பதைப் பார்க்க மனம் கனக்கிறது.

கருப்பட்டியின் தரம் அடுப்புக்கு முன்பே, கலயத்தில் தீர்மானமாகிவிடுகிறது. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுகிறார்கள். சுண்ணாம்பு குறைந்தால் பதனீர் புளித்துக் கள்ளாகத் திரும்பும். புளித்த பதனீரை எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகாது, பிசுபிசுவென்று நிற்கும். சுண்ணாம்பு கூடினால் நாக்கு காந்தும், கட்டியும் கருத்துவிடும். நல்ல விடிலியில் பதனீரைப் பன்னாடையில் வடிகட்டிய பிறகே அண்டாவில் ஊற்றுவார்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வடிகட்டாத இடத்துச் சரக்கில் மணலும் பூச்சியும் வரும்.

கொதி வந்ததும் நுரை பொங்கி விளிம்பு தாண்டப் பார்க்கும். தட்டிய ஆமணக்குமுத்து ஒரு சிட்டிகை போட்டால் அப்படியே அடங்கும். பிறகு நுரை வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, செம்பட்டையாகி, குமிழிகள் பெரிதாய், மெதுவாய் வெடிக்கத் தொடங்கும். இது கூப்பனிப் பதம். கேட்டால் ஒரு கரண்டி தருவார்கள். மாங்காய்த் துண்டில் தொட்டுத் தின்ன, அதற்கு ஈடான பண்டம் இந்தச் சீமையில் இல்லை. இதற்கு மேல் துடுப்பு நிற்கக்கூடாது, நின்றால் அடிப்பிடித்துக் கசக்கும். பாகைத் தண்ணீரில் சொட்டுவிட்டு விரலால் உருட்டுகிறார்கள். உருண்டு நின்றால் இறக்கலாம். கரைந்து வழிந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. இறக்கிக் கிண்டி, மணலில் அடுக்கிய சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுகிறார்கள்.

வாங்கும்போது, "அண்ணாச்சி, இது இன்னைக்கு ஊத்துனதா?" என்று கேளுங்கள். அன்று ஊற்றியது கொஞ்சம் இளகித்தான் இருக்கும். அது குறையல்ல, இரண்டு மூன்று நாள் காற்றாடினால் இறுகும். ஒரு கட்டியை உடைத்துப் பாருங்கள். உள்ளே மங்கலான கருஞ்சிவப்பு இருந்து, வாயில் இனிப்போடு லேசான உப்பும் கரிப்பும் புகைவாசமும் தட்டினால் நல்ல சரக்கு. உடைத்த முகம் வெளுத்து, கற்கண்டு போலப் பளபளத்தால் சீனி விழுந்திருக்கிறது. விலைக்கணக்கும் ஒரு துப்புத் தரும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர் பதனீர் வேண்டும். பக்கத்தில் பதனீர் என்ன விலைக்கு விற்கிறது என்று விசாரித்துப் பெருக்குங்கள். அந்தத் தொகைக்கும் குறைவாக ஒருவர் கருப்பட்டி தருகிறார் என்றால் மிச்சத்தைச் சீனி ஈடுகட்டுகிறதோ என்று சந்தேகப்படலாம். பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரைச் சொல்லி விற்கிற கடைகள் எங்கும் இருக்கின்றன. பெயரை விட்டுவிட்டுக் கட்டியை உடைத்துப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. கட்டிகள் ஒரே அளவில் இல்லை; எண்ணிக்கைக் கணக்கில் வாங்காமல் நிறுத்து வாங்குங்கள். மேகம் மூடி மழை தூறிய நாட்களில் ஊற்றியதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கலயத்தில் மழைத்தண்ணீர் விழுந்தால் பதனீர் நீர்த்துப்போகும், ஊற்றிய கட்டியும் ஈரக்காற்றில் சரியாய்க் காயாது. இப்போது ஓலைக்கொட்டானுக்குப் பதில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறார்கள். அது பெரிய தப்பு. பைக்குள் கருப்பட்டி வியர்த்து, சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். கொட்டான் கேட்டு வாங்குங்கள், கூடக் கொடுக்கிற காசு முடைகிற கைக்குப் போகும்.

வீட்டில் பழைய காலத்தில் அடுப்புக்கு மேல் பரணில், புகை படுகிற இடத்தில் வைத்திருந்தார்கள். பரண் இல்லாத வீட்டில், ஓலைப்பெட்டியிலோ மண்பானையிலோ போட்டு வாயைத் துணியால் கட்டி, தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள் வெயில் காட்டினால் போதும். காப்பியில் போடும்போது முதலில் வெந்நீரில் கரைத்து, அடியில் தங்குகிற சுண்ணாம்பை நிறுத்தி, தெளிவை மட்டும் ஊற்றுங்கள். பாலில் நேரே போட்டால் திரிந்துபோகலாம்.