உதட்டு ஊசிக்கு 650 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஏமாந்தேன், நீங்கள் இதற்கு அழகு நிலையம் போய்விடாதீர்கள்

நேற்று ராத்திரிதான் ஊசி போட்ட அந்த அம்மா என் எண்ணை பிளாக் பண்ணினார், அந்த எரிச்சலிலேயே எழுதுகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. மலேசியாவில், ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டில் கடைவரிசை மாடியில் ஓர் அழகு நிலையம், அவ்வளவுதான்.

தங்கை கல்யாணம் வருகிறது. சிரித்தால் என் மேலுதடு உள்ளே மடங்கிக்கொள்ளும், படத்தில் ஈறுதான் தெரியும். தசையைத் தளர்த்தும் போடோக்ஸ் ஊசி கொஞ்சம் போட்டால் உதடு வெளியே மலரும், லிப் ஃபிளிப் என்று பேர், 650 வெள்ளி என்றார். பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அப்போது, "நீ எந்த ரப்பர் தோட்டம்மா?" என்று கேட்டார். சொன்னேன். "அட, எங்கம்மாவும் அங்கதான் பால்மரம் வெட்டினாங்க!" அவ்வளவுதான், அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. லேபிள் பாதி கிழிந்த குட்டிப் புட்டியைக் குளிர்பான டின்களுக்கு நடுவிலிருந்து எடுத்தார், அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், மடச்சி.

ஐந்தாம் நாள் காலையில் தே ஐஸை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினால் ஏறவே இல்லை, இடது ஓரமாக வழிந்து சட்டையெல்லாம் ஈரம். "அப்பா" என்று உதடு ஒட்டிச் சொல்ல வரவில்லை. அக்கா மகன் அதைப் பேசிக் காட்டிச் சிரிக்கிறான்.

போன் போட்டேன். ரெண்டு வாரத்தில் செட்டாகும் என்றார். ஆகவில்லை. நீ குப்புறப் படுத்திருப்பாய் என்றார். அப்புறம், இன்னொரு 200 கட்டு, மறுபக்கமும் போட்டுச் சமப்படுத்துகிறேன் என்றார்! என் 650 வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள் என்று வாட்சாப்பில் கேட்டேன், நீல டிக் விழுந்தது, பிறகு பிளாக்.

ஈப்போவில் டாக்டரிடம் போனால் அவர் முதலில் கேட்டதே என்ன மருந்து, எத்தனை யூனிட் அளவு என்றுதான். ரெண்டும் எனக்குத் தெரியாது. நரம்பு தசைக்கு அனுப்பும் சேதியை இந்த மருந்து அடைத்துவிடுமாம், உறிஞ்ச, ஊத, ப, ம சொல்ல எல்லாவற்றுக்கும் உதட்டைச் சுற்றியுள்ள அந்தத் தசைதானாம். உதட்டைப் பருமனாக்கப் போடும் ஃபில்லர் ஊசியைப் பெரும்பாலும் கரைத்துவிடலாம், இதைக் கரைக்க மருந்தே கிடையாது, தானாகத் தேய ரெண்டு மூன்று மாதம் ஆகும் என்றார். கல்யாணம் அடுத்த வாரம்.

நிறைய எச்சரிக்கை எழுதத்தான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. மலேசியாவில் இதை டாக்டர்தான் போடலாம், அதுவும் அழகு சிகிச்சை செய்யச் சுகாதார அமைச்சு கொடுக்கும் எல்சிபி சான்று உள்ளவர், அழகு நிலையம் கூடவே கூடாது. மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராமும் இருக்கிறதா பாருங்கள். எத்தனை யூனிட் என்று எழுதி வாங்குங்கள். ரசீதும் வாங்குங்கள், 650 வெள்ளிக்கு என்னிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.