ஹேக்ட் சோஷியல் வேல்யூ பேங்க்: நல்ல கருவிதான், ஆனால் ரிப்பேர் கணக்கையும் கூடவே கேளுங்கள்

இங்கிலாந்தில் ஹவுசிங் அசோசியேஷன்கள் (குறைந்த வாடகைக்கு வீடு தரும் லாப நோக்கில்லாத அமைப்புகள்) "நாங்கள் இத்தனை லட்சம் பவுண்டுக்குச் சமூக மதிப்பு உருவாக்கினோம்" என்று, அதாவது மக்களுக்குக் கிடைத்த நன்மையைப் பணமாக்கி, ஆண்டறிக்கையில் போடுகிறார்களே, அந்த எண் பெரும்பாலும் சோஷியல் வேல்யூ பேங்க் என்ற இந்த மதிப்புப் பட்டியலிலிருந்துதான் வருகிறது. டேனியல் ஃபுஜிவாரா என்ற பொருளாதார நிபுணரோடு சேர்ந்து வீட்டு வசதித் துறையில் வேலை செய்யும் ஹேக்ட் என்ற தொண்டு அமைப்பு 2014-இல் வெளியிட்டது, 2022-இல் புதுப்பித்தது.

அடிப்படை யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. வேலையில்லாத ஒருவருக்கு வேலை கிடைத்தால் வாழ்க்கைத் திருப்தி எவ்வளவு கூடுகிறது என்பதைப் பெரிய தேசிய சர்வேக்களிலிருந்து எடுத்து, அதே அளவு திருப்தியைத் தர எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். இப்போது அரசின் வழிகாட்டுதலே ஒரு விலை வைத்திருக்கிறது: பத்துக்கு மதிப்பெண் போடும் அந்தத் திருப்தி அளவில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்கு ஒரு புள்ளி உயர்ந்தால் 13,000 பவுண்டு, 2019 விலையில். அப்புறம், இந்தக் கருவி, வீட்டு நிர்வாகம் எதுவும் செய்யாவிட்டாலும் தானாக நடந்திருக்கும் பங்கைக் கழித்துவிடச் சொல்கிறது. இந்த நேர்மை முக்கியம். தையல் வகுப்பா, கம்ப்யூட்டர் பயிற்சியா, எதில் பணம் போடலாம் என்று யோசிக்கிற குழுவுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

என் கவலை வேறு இடத்தில். தோட்டம் போட்டதும் பயிற்சி கொடுத்ததும் பவுண்டாக மாறி அறிக்கையின் முதல் பக்கத்துக்கு வந்துவிடுகின்றன, ஆனால் அதே கட்டிடத்தில் படுக்கையறைச் சுவரில் பூஞ்சை பிடித்து ஒரு குடும்பம் மாதக்கணக்கில் போன் செய்துகொண்டிருந்தால் அந்த இழப்பை யாரும் அந்தக் கூட்டுத்தொகையிலிருந்து கழிப்பதில்லை. 2020-இல் ராச்டேலில் ஒரு ஹவுசிங் அசோசியேஷன் வீட்டில் பூஞ்சையால் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அந்தக் குழந்தையின் பெயரில் வந்த அவாப் சட்டம், 2025 அக்டோபரிலிருந்து, உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்யச் சொல்கிறது. வீட்டு நிர்வாகத்தின் முதல் சமூக மதிப்பு இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அதனால் இங்கிலாந்தில் குடியிருப்போர் கூட்டத்தில் இந்தப் பவுண்டு எண்ணைக் காட்டினால், சரி என்று கேட்டுக்கொண்டு, 2023 ஏப்ரலிலிருந்து இந்த வீட்டு நிர்வாகங்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை அமைப்பு கட்டாயமாக்கிய 22 அளவீடுகளையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். ரிப்பேர், புகார், பாதுகாப்புச் சோதனை எல்லாம் அதில் இருக்கிறது, பன்னிரண்டு அளவீடுகள் குடியிருப்பவர்களிடமே நேரடியாகக் கேட்டு வாங்கியவை. 1,000 வீட்டுக்கு மேல் வைத்திருக்கும் நிர்வாகம் என்றால் வருடா வருடம் வெளியிட்டே ஆகவேண்டும்.