விற்பவர் இல்லாத கடையில் காய்கறி வாங்குதல்: மிசோரத்தின் சேலிங் சாலையோரக் கடைகள்

மிசோரத்தின் தலைநகரான ஐசாலிலிருந்து சம்பாய் நோக்கிச் செல்லும் மலைச்சாலையில், சேலிங் என்னும் ஊரை ஒட்டி, மூங்கிலால் கட்டிய சிறு கடைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்படுகின்றன. தட்டில் காய்கறி இருக்கும், அட்டையில் விலை எழுதியிருக்கும், அருகில் பணம் போட ஒரு டப்பா இருக்கும். விற்பவர் மட்டும் இருக்க மாட்டார். ‘ங்ஙா லோ டோர்’ என்று மிசோ மக்கள் அழைக்கும் இக்கடைகளைப் பற்றிச் செய்தித்தாள்கள் வியந்து எழுதியிருக்கின்றன. வியப்பை ஒதுக்கிவிட்டு, பொருள் வாங்க நிற்பவரின் கண்ணோடு அவற்றை மதிப்பிட வேண்டும் என்பதே என் விருப்பம்.

முதலில் சரக்கு. கீரை, பழம், பூ, சில இடங்களில் புட்டியில் அடைத்த பழச்சாறு, சிறு கருவாடு, நன்னீர் நத்தை என்று அந்தந்த வாரம் தோட்டத்திலும் ஓடையிலும் கிடைப்பதே இங்கு வரும். ஆகையால் பட்டியல் போட்டுக்கொண்டு போகிறவருக்கு இது ஏற்ற கடையன்று. நான் வாங்கிய கீரைக்கட்டு அன்று காலை பறித்ததாகவே தோன்றியது. வாழைப்பழம் சற்றுக் கனிந்து போயிருந்தது, அதைக் கேட்டுக் குறைக்கவோ மாற்றித் தரச் சொல்லவோ ஆள் இல்லை. தராசும் கண்ணில் படவில்லை. எல்லாம் கட்டாகவும் கூறாகவும் வைக்கப்பட்டிருப்பதால் நிறுப்பதில் ஏமாற்று என்ற பேச்சுக்கே இடமில்லை. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று வேதாகமத்தின் நீதிமொழிகள் நூல் தரும் எச்சரிக்கை பெரும்பாலும் விற்பவரை நோக்கியது. இங்கோ சோதனைக்கு உள்ளாகிறவர் வாங்குபவரே. சில்லறை வேண்டுமென்றால் டப்பாவிலிருந்து நாமே எடுத்துக்கொள்ளலாம் என்பது, முதல் முறை போகிறவரைக் கொஞ்சம் கூச வைக்கும் ஏற்பாடு.

இக்கடைகள் தோன்றிய காரணம் பக்தியன்று, ஆள் பற்றாக்குறை. மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சிறு குடும்பங்களில் எல்லாக் கைகளும் வயலுக்கு வேண்டும். ஒருவரைக் கடையில் உட்கார வைத்தால் அன்றைய வேலை கெடும். ஆனால் தேவை எங்கும் உண்டு, இத்தகைய தீர்வு எங்கும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது எது என்று கேட்டால், மிசோ மக்கள் முதலில் சொல்வது த்லோம்ங்காய்னா என்னும் தங்கள் பழைய அறத்தை: தன்னைப் பின்னிறுத்திப் பிறருக்கு உதவ வேண்டும் என்ற நெறி. லோரெய்ன், சாவிட்ஜ் என்னும் இரு மிஷனரிகள் 1894 ஜனவரி 11 அன்று சாய்ராங்கில் வந்திறங்குவதற்கு வெகுகாலம் முன்பே அது அங்கு இருந்தது. ஆகவே எல்லாவற்றையும் வேதாகமத்தின் கணக்கில் எழுதிவிடுவது நியாயமாகாது. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்களாக உள்ள அம்மாநிலத்தில், பழைய நெறியும் புதிய போதனையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன என்று சொல்வதே சரியாக இருக்கும்.

அப்பின்னல் எப்படிப்பட்டது என்பதைக் கடையைவிட அங்குள்ள அடுப்படிகள் தெளிவாகக் காட்டுகின்றன. 1910 முதல் மிசோ பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் சோறு வடிக்க அரிசி எடுக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். சேரும் அரிசி விற்கப்பட்டு அப்பணம் சபையின் ஊழியத்துக்குப் போகிறது. புஹ்ஃபாய் தாம் எனப்படும் இவ்வழக்கத்தில் பிரசங்கமும் இல்லை, மேடையும் இல்லை. பணமில்லாத வீடும் கொடுக்கலாம் என்பதே அதன் பலம். கொஞ்சத்தில் உண்மையாயிருப்பதைப் பற்றி இயேசு சொன்னதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு, அது நாளுக்கு இரண்டு வேளை கையால் செய்யும் வேலையாக மாறியிருப்பதைப் பார்ப்பது புதிது. நம் ஊர்ச் சபைகளிலும் அரிசிக் காணிக்கை எடுப்பதுண்டு என்றாலும், அது இவ்வளவு ஒழுங்காக நடக்கும் வீடுகள் எத்தனை என்பது கேட்க வேண்டிய கேள்விதான்.

சேலிங் கடைகளில் எனக்குப் பிடித்தது, நான் பார்த்தவற்றில் எங்குமே வசனப் பலகை தொங்கவில்லை என்பது. கடைப்பெயராக ‘எபினேசர்’ என்ற வேதாகமப் பெயரையும் கல்லாவுக்கு மேல் வாக்குத்தத்த வசனத்தையும் எழுதி வைத்துக்கொண்டு பில் போடாமல் விற்கும் கடைகளைப் பார்த்த கண்ணுக்கு இது ஆறுதல். இங்கே முதலில் நஷ்டத்துக்குத் துணிகிறவர் விற்பவர். நம்மை யாரென்று அறியாமலே நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கு முன் ஏமாற்ற மனம் வராது என்பது முழு உண்மையன்று, வரலாம். ஆனால் அதற்காகப் பூட்டு போட்டு எல்லாரையும் சந்தேகிப்பதைவிட ஒரு கட்டுக் கீரை போனால் போகட்டும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருப்பதாக எனக்குப் படுகிறது. அன்பு என்று நாம் பெரிதாகப் பேசுவதில் இத்தகைய கணக்கும் அடங்கும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள்: வெளிமாநிலத்தவர் மிசோரத்துக்குள் நுழைய உள்நுழைவு அனுமதி பெற வேண்டும், லெங்புய் விமான நிலையத்திலேயே அதைப் பெறலாம். ஞாயிற்றுக்கிழமை மாநிலமெங்கும் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் அன்று பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம். பத்து, இருபது ரூபாய்த் தாள்களைக் கையில் வைத்திருப்பது நல்லது. டப்பாவில் எப்போதும் சில்லறை இருக்கும் என்று சொல்ல முடியாது. நம் காந்தாரி மிளகாயைப் போன்ற, புவிசார் குறியீடு பெற்ற மிசோ மிளகாய் தட்டில் இருந்தால் தவறாமல் வாங்குங்கள், காரம் அதிகம் என்பதால் ஒரு சிறு கூறே போதும்.