மீன் டி.என்.ஏ. சீக்வென்ஸிங் சேவை: எழுத்துகளை வாங்குங்கள், மரத்தை வாங்காதீர்கள்

புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. விலங்கியல் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். மெஷின் இருக்கிறது, அதன் எழுத்துகளை, அதாவது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு அலகுகளின் வரிசையை, படிக்கும் சீக்வென்ஸர் இல்லை. அதனால் வெளியூரில் இருக்கும் ஒரு தனியார் லேபுக்கு விரால் மீன் சாம்பிள் அனுப்பினோம். குறை சொல்லப்போகிறேன் என்பதால் லேபின் பெயரைத் தவிர்க்கிறேன், பெயருக்காகக் கமெண்டில் நச்சரிக்க வேண்டாம்.

கேள்வி எளிமையானதுதான். ஊசுடு ஏரிக்குச் சங்கராபரணித் தண்ணீர் வருகிறது, பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையில் இருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது, கடலூர் மாவட்டத்து வீராணத்துக்குக் கொள்ளிடத்தில் கீழணையில் இருந்து வடவாறு கொண்டுவருகிறது, அதாவது அது காவிரித் தண்ணீர். மூன்று ஏரி, மூன்று ஆறு. இந்த மூன்றிலும் உள்ள விரால்கள் ஒரே கூட்டமா, இல்லை ஆற்றுக்கு ஆறு பிரிந்து நிற்கின்றனவா? கட்லாவையும் ரோகுவையும் வைத்து இதைக் கேட்க முடியாது, அவை வடக்கத்தி ஆறுகளில் இருந்து கொண்டுவந்து இங்கே விடப்பட்டவை. ஜிலேபி மீன் அதற்கும் தூரம், 1952இல் ஆப்பிரிக்க வம்சமாக இந்தியாவுக்குள் வந்தது. விரால் நம்ம ஊர்க்காரன் என்பதால் அதை எடுத்தோம். பாகூரில் மீன் கொடுத்த பெரியவர் மட்டும் "எந்த ஏரியா இருந்தா என்ன தம்பி, குழம்புல போட்டா எல்லாம் ஒண்ணுதான்" என்றார். அதுவும் ஒரு கருதுகோள்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடிப்படை வேலையை இவர்கள் சுத்தமாகச் செய்கிறார்கள். துடுப்பு ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு போதும், 95 சதவீத எத்தனாலில் போட்டு வைத்தால் சரி, மீனை உயிரோடு திரும்ப விட்டுவிடலாம். கல்லூரி மியூசியத்தில் ஃபார்மலின் ஜாடியில் கிடக்கும் பழைய விராலில் இருந்து எடுக்கலாமா சார் என்று ஒரு மாணவி கேட்டாள், ஃபார்மலின் டி.என்.ஏ.வைத் துண்டாக்கிப் புரதத்தோடு பிணைத்துவிடும், அதில் இருந்து நல்ல பி.சி.ஆர். எழுப்புவது பெரும்பாடு, அந்த ஜாடி ஜாடியாகவே இருக்கட்டும் என்றேன். கூரியர் கவுன்டரில் எத்தனால் என்று சொன்னதுமே வாங்க மறுத்துவிட்டார்கள், எரியும் திரவம், அவர்கள் மேல் தப்பில்லை. லேபுக்கு ஃபோன் செய்தால் எடுத்தவர் பொறுமையாகச் சொன்னார்: எத்தனாலை வடித்துவிடுங்கள், துண்டு ஈரமாக இருந்தால் போதும், குழாயின் வாயை மெழுகுப் படலமான பாராஃபிலிமால் இறுக்கிச் சுற்றி அனுப்புங்கள், ஏற்கனவே எத்தனாலில் ஊறிய சதைக்கு வழியில் ஒன்றும் ஆகாது. அப்படியே அனுப்பினோம், ஒன்றும் ஆகவில்லை.

டி.என்.ஏ. பிரிப்பது, பி.சி.ஆர்., சுத்தம் செய்வது, சீக்வென்ஸிங் எல்லாம் சேர்த்து ஒரு சாம்பிளுக்குச் சில நூறு ரூபாய். மாணவர்கள் காசு என்ற கணக்கில் பார்த்தால் கொஞ்சம் கடிக்கிறது, ஆனால் கிடைத்த பொருளுக்குத் தகும். மீன்களுக்கு வழக்கமாக எடுக்கும் மைட்டோகாண்ட்ரியா ஜீனான சி.ஓ.ஐ.யில் சுமார் 650 எழுத்து, இரண்டு திசையில் இருந்தும் படித்துக் கொடுத்தார்கள். இரு திசையும் கேட்டு வாங்குங்கள், ஒரு திசை மட்டும் மலிவு என்று போகாதீர்கள். சாங்கர் என்ற இந்தப் படிக்கும் முறையில் முதல் முப்பது நாற்பது எழுத்துகள் எப்போதுமே குழம்பியே வரும், எதிர்த்திசையில் படித்ததுதான் அந்த இடத்தைச் சரிசெய்யும். எழுத்துக்கு ஒரு சிகரமாகக் காட்டும் வரைபடமான குரோமட்டோகிராமில் சிகரங்கள் தனித்தனியாக, அழகாக நின்றன. எழாமல் போன சில சாம்பிள்களுக்கு பி.சி.ஆரை மறுபடி ஓட்டினார்கள், அதற்குத் தனிக் காசு கேட்கவில்லை. இதுவரைக்கும் 5க்கு 4.

அப்புறம்தான் அந்த "பரிணாம உறவு ரிப்போர்ட்" என்ற கூடுதல் பேக்கேஜ். இதற்குத் தனிக் கட்டணம். வந்த பி.டி.எஃப். பார்க்க ஜோராக இருக்கிறது, எது எதற்கு நெருங்கிய உறவு என்று கிளைகளாகக் காட்டும் ஒரு மரம் கலர் கலராக, கீழே ஒரு பத்தி. அந்தப் பத்தியில், வீராணத்து விரால்தான் "மூதாதைக் கூட்டம்", மற்ற இரண்டு ஏரியும் அதில் இருந்து பிரிந்தவை என்று எழுதியிருக்கிறது. எப்படித் தெரிந்தது? மரத்தின் அடியில் முதலில் பிரியும் கிளையில் வீராணத்து மீன் உட்கார்ந்திருக்கிறதாம். இது தப்பு. அடியில் பிரியும் கிளையும் இன்று உயிரோடு இருக்கும் மீன்தான், மற்ற கிளைகளுக்கு அது பெரியப்பா மகன் மாதிரி, தாத்தா இல்லை. அதைவிட மோசம், அந்த மரத்தில் வெளியினம், அதாவது ஒப்பிட்டு வேரைக் கண்டுபிடிக்க வெளியே இருந்து சேர்க்கும் வேறு இனம், என்று ஒன்றுமே சேர்க்கவில்லை. பக்கத்து இனமான குரவையின் சீக்வென்ஸ் ஒன்றைப் பொதுத் தரவுத்தளத்தில் இருந்து எடுத்துச் சேர்த்திருந்தால் வேர் எங்கே என்றாவது தெரிந்திருக்கும். வேரே இல்லாத மரத்தில் அடி எது, நுனி எது? ஒரு கிளையை எவ்வளவு நம்பலாம் என்று 100க்கு இத்தனை எனச் சொல்லும் பூட்ஸ்ட்ராப் எண்ணும் கிளைகளில் கிடையாது. கேட்டு வாங்கியபோது பாதிக் கிளைகள் 50ஐக்கூடத் தொடவில்லை, அதாவது அவை இருக்கின்றன என்று நம்பவே காரணம் இல்லை.

இன்னொரு விஷயத்தை ரிப்போர்ட் எழுதியவர் யோசித்ததாகவே தெரியவில்லை. மீன்களின் மைட்டோகாண்ட்ரியா ஜீன்களுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வேகம், இரண்டு கிளைகளுக்கு இடையே பத்து லட்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 சதவீத வேறுபாடு. 650 எழுத்தில் 1 சதவீதம் என்றால் ஆறேழு எழுத்து. வீராணம் சோழர் வெட்டிய ஏரி, வயது ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுதான். அந்த ஆயிரம் ஆண்டில் சி.ஓ.ஐ.யில் ஒரு எழுத்து மாறினாலே ஆச்சரியம். ஆகவே ஏரிக்கு ஏரி வேறுபாடு தெரிந்தால் அது ஏரி வெட்டுவதற்கு வெகுகாலம் முன்பே ஆறுகளில் இருந்த வேறுபாடாக இருக்கும், தெரியாவிட்டால் "ஒரே கூட்டம்" என்றும் சொல்லிவிட முடியாது, இந்த ஜீனின் அளவுகோல் அவ்வளவு நுணுக்கமானதில்லை. எங்களுக்கு வந்ததும் பெரும்பாலும் ஒரே ஹாப்லோடைப்தான், அதாவது ஒரே எழுத்து வரிசை, அங்கங்கே ஓரிரு எழுத்து வித்தியாசம். இதற்கு மரமே வரையக்கூடாது, ஒவ்வொரு வரிசையையும் ஒரு வட்டமாக்கி இணைக்கும் ஹாப்லோடைப் வலையமைப்பு வரைய வேண்டும். பாப்ஆர்ட் என்ற இலவச மென்பொருளில் என் மாணவர்கள் ஒரு மதியத்தில் வரைந்தார்கள், நடுவில் ஒரு பெரிய வட்டம், அதில் மூன்று ஏரியும் கலந்து நிற்கிறது, சுற்றிலும் சில பொட்டுகள். மூதாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

கலந்து நிற்பதில் வியப்பும் இல்லை. விரால் காற்றைச் சுவாசிக்கும், மழைக்காலத்தில் ஈரத் தரையில் நெளிந்து பக்கத்துக் குட்டைக்குப் போய்விடும். 2024 ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் புரண்டு வந்து பாகூர், கடலூர் பக்கமெல்லாம் மூழ்கியது நினைவிருக்கும், அந்த வெள்ளத்தில் எந்த ஏரி மீன் எந்த ஏரிக்குப் போனது என்று யார் கண்டது. இதோடு மனிதர்கள் குஞ்சு வாங்கி விடுவதும் உண்டு. சமீபத்துக் கலப்பா, பழைய உறவா என்று பிரித்துச் சொல்ல மைக்ரோசாட்டலைட் (சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் துண்டு) மாதிரி வேகமாக மாறும் குறிகள் தேவை, அதுவும் உட்கருவில் இருந்து, ஏனென்றால் மைட்டோகாண்ட்ரியா தாய்வழிக் கதையை மட்டுமே சொல்லும், அப்பன் எந்த ஆற்றுக்காரன் என்று அதற்குத் தெரியாது. ரிப்போர்ட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

இனம் கண்டுபிடிக்கும் பகுதியும் அரைகுறை. தரவுத்தளத்தில் தேடி முதலில் வந்த பெயரை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அங்கே போட்டவர்களே மீனைத் தப்பாக அடையாளம் கண்டு போட்ட சீக்வென்ஸ்களும் கலந்து கிடக்கின்றன, முதல் பத்து முடிவையாவது பார்க்க வேண்டாமா? எங்கள் விஷயத்தில் பெயர் சரியாகவே வந்தது, கெளுத்தி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

ரிப்போர்ட்டுக்கு 5க்கு 1, அந்த ஒன்றும் கலருக்கு. புகார் சொன்னதும் மன்னிப்புக் கேட்டு வேறு மரம் அனுப்பினார்கள், அதில் குரவை இருந்தது, "மூதாதை" பத்தி அப்படியே இருந்தது. பணம் திரும்பவில்லை.

நீங்கள் அனுப்புவதாக இருந்தால் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்: குரோமட்டோகிராம் உள்ள மூல ஃபைல்களான ஏபி1 ஃபைல்கள் வேண்டும், வெறும் டெக்ஸ்ட் ஃபைல் போதாது. இவர்கள் கேட்டால்தான் அனுப்புகிறார்கள், கொஞ்ச நாள்தான் சர்வரில் வைத்திருப்பார்களாம். மீதி டி.என்.ஏ.வையும் திருப்பிக் கேளுங்கள், கூரியர் செலவு நம்முடையது. எங்கள் குழாய்கள் இப்போது ஃப்ரீசரில் இருக்கின்றன, அடுத்த பேட்ச் பிள்ளைகள் மைட்டோகாண்ட்ரியாவில் சி.ஓ.ஐ.யைவிட வேகமாக மாறும் டி-லூப் பகுதியை முயன்று பார்க்கப்போகிறார்கள், அதே லேபில்தான், பேக்கேஜ் இல்லாமல்.