தேவாலயத்தை வாங்கியவர்களும் நான்கு பேராகவே நின்றவர்களும்: 2007-இன் இரண்டு இரண்டாவது ஆல்பங்கள்

எங்கள் பேண்டின் இரண்டாவது ஆல்பம் மூன்று மாதமாக நகரவில்லை. பாட்டு இல்லாமல் இல்லை, ஒன்பது பாட்டு கைவசம் இருக்கிறது, ஆனால் எப்படிப் பதிவு செய்வது என்பதில்தான் வாக்குவாதம். தர்மபுரியிலிருந்து வரும் எங்கள் பேஸ் கிட்டார்காரன் ஆர்கேட் ஃபயர் கட்சி, நான் ஆர்க்டிக் மங்கீஸ் கட்சி. இரண்டு பேண்டும் தங்கள் இரண்டாவது ஆல்பத்தை 2007-இல்தான் விட்டன. 'நியான் பைபிள்' மார்ச் தொடக்கத்தில், 'ஃபேவரைட் வொர்ஸ்ட் நைட்மேர்' ஏப்ரல் கடைசியில். ஒரே வேலையை இவ்வளவு எதிரெதிரான வழியில் செய்த இரண்டு குழுக்களை அடுத்தடுத்துக் கேட்க முடிவது பெரிய பாடம், அதனால் போன மாதம் முழுக்க கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று என்று மாற்றி மாற்றிக் கேட்டேன்.

முதலில் இருவரும் எங்கே நின்றார்கள் என்று பார்க்க வேண்டும். கனடாவின் மான்ட்ரியாலைச் சேர்ந்த ஆர்கேட் ஃபயரின் முதல் ஆல்பம் 'ஃப்யூனரல்', 2004-இல் வந்தது. அதைப் பதிவு செய்துகொண்டிருந்த காலத்தில் அவர்கள் குடும்பங்களில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தது, பெயரே அதிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஆர்க்டிக் மங்கீஸின் முதல் ஆல்பம் 2006 ஜனவரியில் வந்து, பிரிட்டனில் ஒரே வாரத்தில் மூன்று லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல் விற்றது. அதுவரை எந்த பேண்டின் முதல் ஆல்பமும் அங்கே அத்தனை வேகத்தில் விற்றதில்லை. அப்புறம் ஓயாத சுற்றுப்பயணம், அந்தக் களைப்பில் பேஸ் கிட்டார் வாசித்த ஆண்டி நிக்கல்சன் விலகினார், நிக் ஓமாலி வந்தார். பதினைந்தே மாதத்தில் அடுத்த ஆல்பம்.

ஆர்கேட் ஃபயர் எடுத்துக்கொண்டது இரண்டரை வருடம். கியூபெக்கில் ஃபார்ன்ஹாம் என்ற சின்ன ஊரில் ஒரு பழைய தேவாலயத்தையே விலைக்கு வாங்கி ஸ்டுடியோவாக மாற்றினார்கள். பைப் ஆர்கனுக்கு, அதாவது குழாய்களில் காற்று புகுந்து ஒலிக்கும் பெரிய தேவாலய வாத்தியத்துக்கு, மான்ட்ரியாலில் இருக்கும் பெரிய தேவாலயம் ஒன்றுக்குப் போனார்கள், ஆர்கெஸ்ட்ராவையும் பாடகர் குழுவையும் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் பதிவு செய்தார்கள். கேட்கும்போது வெறும் செலவுக் கணக்காகத் தோன்றலாம், ஆனால் 'இன்டர்வென்ஷன்' பாட்டில் அந்த ஆர்கன் எழும் முதல் நொடியிலேயே எதற்காக இத்தனை தூரம் போனார்கள் என்று புரிந்துவிடும். எனக்கு அந்த ஒலி எங்கள் பக்கத்து பாரதக் கூத்தை நினைவுபடுத்துகிறது. நடு இரவில் ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்து நிறுத்தியிருப்பார், அதன்மேல் துரியோதனன் வேஷக்காரர் தொண்டை கிழியப் பாடுவார், அந்தச் சுருதி மட்டும் இல்லையென்றால் அந்தக் குரல் நிற்க இடமில்லாமல் போய்விடும். இந்த ஆல்பத்திலும் மதம், போர், தொலைக்காட்சி, கடல் என்று பயம் பயமாக அடுக்கிக்கொண்டே போகிறார்கள், அத்தனையையும் தாங்குவதற்கு அந்தப் பெரிய ஒலி தேவைப்படுகிறது.

எல்லா இடத்திலும் தேவைப்படுகிறதா என்றால் இல்லை. 'பிளாக் வேவ்/பேட் வைப்ரேஷன்ஸ்' பாட்டை இருபது தடவையாவது கேட்டிருப்பேன், இரண்டு பாதியும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. 'விண்டோசில்' நல்ல பாட்டு, ஆனால் பின்பகுதியில் எல்லா வாத்தியமும் வந்து சேரும்போது சொற்களின் கோபம் மூழ்கிப்போகிறது. இதற்கு நேர்மாறாக 'கீப் த கார் ரன்னிங்' ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவதால்தான் அவ்வளவு பிடிக்கிறது.

'நோ கார்ஸ் கோ' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது புதுப் பாட்டே இல்லை. 2003-இல் வந்த அவர்களுடைய முதல் சிறு தொகுப்பில் இருந்ததை எடுத்து, பிரித்து, ஆர்கெஸ்ட்ராவோடு திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பழைய வடிவத்தையும் கேட்டுப் பாருங்கள், ஒரு அறைக்குள் சில பேர் ஆசையோடு கத்துவது கேட்கும். புதியதில் அதே கத்தலுக்கு வானம் திறந்துவிடுகிறது. இரண்டு ஆல்பத்திலும் சேர்த்து ஒரே ஒரு பாட்டுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன், எதிர்க்கட்சியில் இருந்துகொண்டே சொல்கிறேன்.

ஆனால் ஆல்பமாக எனக்கு ஆர்க்டிக் மங்கீஸ்தான். 'பிரையன்ஸ்டார்ம்' தொடக்கத்தில் மாட் ஹெல்டர்ஸ் டிரம்ஸை உருட்டும் அந்தச் சில நொடிகளிலேயே, ஒரு வருடம் மேடைமேடையாக வாசித்த கை இது என்று தெரிகிறது. கிழக்கு லண்டனில், ஜேம்ஸ் ஃபோர்டு, மைக் கிராஸி என்ற இரண்டு தயாரிப்பாளர்களோடு செய்தார்கள். பாடகர் குழு இல்லை, ஆர்கெஸ்ட்ரா இல்லை, பெரும்பாலும் இரண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ்தான். முதல் ஆல்பத்தைவிட வேகமும் கனமும் கூடியிருக்கிறது, அதையும் இருக்கிற நான்கு பேரிடமிருந்தே எடுத்திருக்கிறார்கள். பாடகர் அலெக்ஸ் டர்னருக்கு அப்போது 21 வயது. 'ஃப்ளூரசென்ட் அடலசென்ட்' பாட்டில் இளமைக் கூத்தெல்லாம் முடிந்து வாழ்க்கை சலித்துப்போன ஒரு பெண்ணைப் பற்றிப் பாடுகிறார், மெட்டு அவ்வளவு துள்ளலாக இருப்பதால் அந்த வருத்தம் மூன்றாவது நான்காவது தடவை கேட்கும்போதுதான் உறைக்கிறது.

எட்டாவது பாட்டிலிருந்து பத்தாவது வரை கொஞ்சம் ஒரே மாதிரிதான் போகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். வேகத்துக்கே பழகிப்போன காது அங்கே கவனம் தவறுகிறது. கடைசியில் '505' வந்து எல்லாவற்றையும் மீட்டுவிடுகிறது. பாட்டு முழுக்க இரண்டே கார்ட்ஸ், அதாவது ஒன்றாக ஒலிக்கும் இரண்டே சுரக் கூட்டுகள். ஆர்கன் மாதிரி ஒலியில் மெதுவாக ஆரம்பித்து, குரல் அடக்கமாகப் பேசிக்கொண்டே போய், பாதிக்குமேல் கடந்த பிறகுதான் கிட்டார் வெடிக்கிறது, டர்னரின் குரலும் அங்கேதான் உடைகிறது. விருந்தாளியாக வந்த மைல்ஸ் கேன் அதில் கிட்டார் வாசிக்கிறார். 'நியான் பைபிள்' ஆல்பமும் 'மை பாடி இஸ் எ கேஜ்' பாட்டில் பைப் ஆர்கனோடுதான் முடிகிறது என்பதை இந்த மாதம்தான் கவனித்தேன். ஒன்றில் ஆர்கன் கட்டடம் முழுக்க நிரம்புகிறது, மற்றொன்றில் அது மூலையில் நின்றபடி ஒருத்தன் ஒரு அறைக்குத் திரும்பிப் போக ஏங்குவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. என்னை அசைத்தது இரண்டாவதுதான்.

பஸ்ஸில் கேட்பதிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஆர்க்டிக் மங்கீஸ் ஆல்பம் 37 நிமிடம்தான், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் போட்டால் சூளகிரி கடந்து கொஞ்ச தூரத்தில் '505' வந்துவிடும், இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். 'நியான் பைபிள்' 47 நிமிடம், அதன் தலைப்புப் பாட்டு முணுமுணுப்பு மாதிரி என்பதால் ஜன்னலோர சீட்டில் சுத்தமாகக் காணாமல் போகிறது. இதை அந்த ஆல்பத்தின் குறையாகச் சொல்லக் கூடாது, அதை வீட்டில் இருட்டில் படுத்துக்கொண்டு கேட்க வேண்டும். அப்படிக் கேட்ட இரண்டு இரவும் எழுந்து போக மனம் வரவில்லை.

சரி, எங்கள் விஷயம். ஒரு மாம்பழ மண்டிக்குப் பின்னால் தகர ஷெட்டில் வாசிக்கிறோம், சீசன் வந்தால் கூடைகளுக்கு இடம் விட்டு வெளியே வர வேண்டும். மே மாதத்துக்குள் ஆல்பத்தை முடித்தாக வேண்டும். பேஸ்காரனுக்கு எல்லாப் பாட்டிலும் முகவீணை (கூத்தில் ஊதும் சின்ன நாதஸ்வரம் மாதிரியான வாத்தியம்) வேண்டும், பாடகர் குழு வேண்டும், தேவாலய எதிரொலி வேண்டும். அவன் கேட்பது தப்பில்லை, ஆனால் ஆர்கேட் ஃபயர் கட்டடத்தை வாங்குவதற்கு முன்பே ஏழெட்டுப் பேர் கூடிச் சத்தம் போட்ட குழு, அந்தப் பெரிய ஒலி அவர்களுக்குள் ஏற்கெனவே இருந்தது. எங்களிடம் இருப்பது நான்கு பேர், தகரத்தில் பட்டுத் திரும்பும் டிரம்ஸ். அந்தத் தகரச் சத்தத்தை மறைக்காமல் அப்படியே பதிவு செய்யலாம் என்கிறேன்.

நேற்று இரவு போனில் ஒரு மணி நேரம் பேசினோம். எட்டுப் பாட்டு நான்கு பேர் மட்டும், ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவு செய்வது. ஒன்பதாவது பாட்டு முதல் ஆல்பத்தில் இருந்த பழைய பாட்டு, அதைப் பிரித்து முகவீணையோடு மறுபடி கட்டுவது அவன் பொறுப்பு. பென்னாகரம் பக்கம் கூத்தில் வாசிக்கும் ஒரு பெரியவரிடம் அவன் பேசியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.